கல்லும் மரமும்: தென்சென்னைப் புறநகர் வளாகங்களின் ஒரு வரலாறு

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் கோயிற் கல்வெட்டிலிருந்து தொடங்குவது தமிழகத்தில் நிலைபெற்ற வழக்கம். கல்வெட்டு இல்லாத நிலத்திற்கு வரலாறே இல்லை என்று கருதும் அளவிற்கு இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. பல்லாவரம், தாம்பரம், சேலையூர், ஈஞ்சம்பாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களுக்கு இம்முறை முழுதும் பொருந்தாது. எழுத்துப் பொறித்த கல்லுக்கு எத்தனையோ காலம் முற்பட்ட, மனிதன் செதுக்கிய கல் இங்கே கிடைத்துள்ளது. எந்த அரசனும் நடாத காடு இங்கே நின்றிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இப்பகுதியின் வரலாறு துலங்கும்.

கலைப்படைப்பையும் மரங்களையும் ஒரே வளாகத்தில் வைத்து, மாணவர்க்குச் சுற்றுச்சூழல் உணர்வை ஊட்டும் சிற்பப் பூங்கா என்னும் கருத்து இன்று கல்வி நிறுவனங்களிடையே செல்வாக்குப் பெற்று வருகிறது. இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. இக்கருத்தின் இரு கூறுகளும் இப்புறநகரிலேயே, ஆசிரியர்களின் கைகளில், தனித்தனியே வளர்ந்துள்ளன. கல்லுக்காக மரத்தை இழந்த கதையும் இதே பகுதியில்தான் நிகழ்ந்தது. இரண்டையும் ஒருங்கே சொல்லுதல் வேண்டும்.

பல்லாவரத்துக் கல்

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூசு ஃபுட் பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியருகே பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அறிஞர்களால் இனங்காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. இந்தியத் தொல்வரலாற்று ஆய்வு அந்தக் குழியிலிருந்து தொடங்கியது எனலாம். அதே ஆண்டில் ஃபுட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பகுதியில் கண்ட அத்திரம்பாக்கத்தின் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்பது 2011-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. கல்லின் ஒரு பக்கத்தைத் தட்டி மறுபக்கத்தைக் கூராக்கிய அந்தக் கைகளைச் சிற்பியின் கைகள் என்று சொல்லக்கூடாது என்பர் சிலர். பயனுக்குச் செதுக்கினும் அழகுக்குச் செதுக்கினும் கல்லின் உள்ளே வடிவத்தைக் காணும் கண் ஒன்றே.

கருவிகள் படிகப்பாறை வகையைச் சேர்ந்தவை. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கல்லோ வேறு. நீலச்சாயல் கொண்ட கருமையான அந்தக் கல்லுக்கு அறிவியல் உலகில் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவில் உள்ள யோபு சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது. அதை ஆராய்ந்த தாமசு ஆலந்து 1893-இல் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். தமிழ்நாட்டுக் குன்றின் கல், வங்காளத்தில் புதைக்கப்பட்ட ஆங்கிலேயரின் பெயரால் உலகெங்கும் அழைக்கப்படுவது பெயரிடுவோர் கையில் உள்ள ஆற்றலைக் காட்டுகிறது.

இதே பல்லாவரக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றுண்டு. தூண்களின் மேற்பகுதியில் அம்மன்னனின் விருதுப் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது இசுலாமியர் வழிபடும் தர்காவாயிற்று. சமயம் மாறியும் இடம் வழிபாட்டிடமாகவே நிலைத்தது.

மரத்தடியில் நின்ற சிற்பம்

திறந்தவெளியில், மரத்தின் கீழ்ச் சிற்பத்தை நிறுத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. சங்க இலக்கியம் பயின்றோர் நடுகல்லை அறிவர். போரில் வீழ்ந்தவனின் பெயரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டி, வழிப்போவோர் காண நிறுத்திய கல் அது. செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் தொகுத்து வெளியிட்ட பிறகே, இலக்கியத்தில் படித்ததைக் கல்லிலும் காண இயன்றது. அரசும் வேம்பும் இணைந்த மேடையில் நாகர் கற்கள், ஏரிக்கரையில் ஐயனாரின் சுடுமண் குதிரைகள், ஊர்க்கோடியில் கோடரி படாத கோயிற்காடு ஆகியவை அனைத்தும் ஒரே மரபின் கிளைகள். கோயிற்காட்டில் குதிரை நிற்பதால் மரம் வெட்டப்படவில்லை. மரம் நிற்பதால் குதிரைக்கு அச்சம் கலந்த மதிப்பு. ஒன்றையொன்று காத்த இந்த ஏற்பாட்டை எந்தப் பூங்கா வடிவமைப்பாளரும் இன்றுவரை விஞ்சவில்லை.

சேலையூர்க் காடு

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837-இல் யான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்காலம் அது நகரத்தின் சந்தடி மிகுந்த சியார்ச்சு டவுன் பகுதியில் இயங்கியது. தமிழுக்குச் செம்மொழித் தகுதி வேண்டுமென முழங்கிய பரிதிமாற் கலைஞர் கற்பித்தது அந்த நகரத்துக் கட்டடத்தில்தான்; தாம்பரம் வளாகம் உருவாவதற்கு முன்பே, 1903-இல் அவர் மறைந்தார். 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. நகரை விட்டு வெளியேறும் கல்லூரிக்கு அந்த இருப்புப்பாதை உயிர்நாடியாயிற்று. 1937-ஆம் ஆண்டு சனவரியில் தாம்பரம் வளாகம் முறையாகத் திறக்கப்பட்டது.

அன்று அங்கே இருந்தது என்ன? முள்ளும் புதரும் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நிலப்பதிவேட்டின் கண்ணுக்கு அது வெறுங்காடு. பயிரிடப்படாத நிலம், வரி தராத நிலம். தாவரவியலார் அதனை வறண்ட பசுமைமாறாக் காட்டின் புதர் வடிவம் என்பர். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய நிலப்பகுதிக்கே உரிய காடு இது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து, ஐப்பசி கார்த்திகை மழையை மட்டும் நம்பி வாழ்வது. இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசினாற்போல் பளபளப்பவை. கோடையிலும் இலையுதிர்க்காமல் நிற்கும் உறுதி அதனால் வந்தது. களா, காரை, சூரை, நுணா, விராலி, அழிஞ்சில், வெப்பாலை, காயா என இக்காட்டின் மரஞ்செடிகளைப் பட்டியலிட்டால் சங்கப் பாடல்களுக்குச் சொல்லடைவு எழுதுவது போலிருக்கும்.

காயாவை இங்குச் சிறப்பாகச் சுட்ட வேண்டும். மாயோனைக் காயாம்பூ வண்ணன் என்று அழைக்கும் மரபை அறியாத தமிழ் மாணவர் இலர். அம்மலரைக் கண்ட மாணவர் எத்தனை பேர்? கிளைகளையொட்டிக் கொத்துக்கொத்தாக நீலம் பூக்கும் அச்சிறுமரம் தொலைதூர மலையில் இல்லை. சென்னையின் கடற்கரைப் புதர்க்காட்டு இனம் அது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைத் தொடுத்தார். அவற்றின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் வகுப்பறைக்கு வெளியே நிற்கும் செடியின் பெயரைக் கேட்டால் திகைக்கின்றனர். இலக்கியக் கல்வியின் இக்குறை கவிஞர்களிடமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ‘பெயர் தெரியாத பூ’ என்று எழுதுவது கவிதையில் ஓர் அழகாகவே ஆகிவிட்டது. அந்தப் பூவுக்குப் பெரும்பாலும் பெயர் உண்டு. ஆடு மேய்க்கும் முதியவளிடம் கேட்டால் சொல்லுவாள்.

புதிய வளாகத்தைத் திட்டமிடுவதிலும் மரம் வளர்ப்பதிலும் முதன்மைப் பங்காற்றியவர் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சு. அவருடைய துணைவியார் ஆலிசு பார்ன்சும் இப்பணியில் உடனிருந்தார். வேதியியல் அவர் கற்பித்த பாடம். தாவரவியல் அவருடைய காதல். கட்டடங்களை ஒட்டியும் பாதையோரங்களிலும் நிழல்மரங்களும் அழகு மரங்களும் நடப்பட்டன. பெரும்பரப்பில் காடு காடாகவே விடப்பட்டது. இரண்டாவது முடிவே அரியது. மரம் நட்டவரைப் போற்றக் கல்வெட்டு உண்டு, விழா உண்டு. புதரை வெட்டாமல் விட்டவருக்கு எந்த விழாவும் இல்லை. எனினும் ஏறத்தாழ 365 ஏக்கர் பரந்த அவ்வளாகத்தில் புள்ளிமான்கள் இன்றும் மேய்வதற்கும், தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பறவை பார்க்கப் பழகியதற்கும், அந்த வெட்டாத புதரே காரணம்.

சிலையைப் பார்த்த மூவர்

தாம்பரத்தில் சிற்பமும் மரமும் சந்தித்தது நூலகத்திலும் பாறை முன்னும்தான். 1974-இல் ‘மகாபலிபுரம் ஆய்வுகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூல் சென்னையில் வெளிவந்தது. ஆசிரியர்கள் மூவர்: மெய்யியல் கற்பித்த மைக்கேல் லாக்வுட்டு, புள்ளியியல் பேராசிரியர் கிப்டு சிரோன்மணி, தாவரவியலாளர் தயானந்தன். மூவரும் தாம்பரம் வளாகத்தினர். ஒருவர்கூடத் தொழில்முறைக் கலை வரலாற்றாளர் அல்லர். இது குறையன்று, அந்நூலின் வலிமையே அதுதான்.

கிப்டு சிரோன்மணி 1970-இலேயே மாமல்லைச் சிற்பங்களின் ஆடையையும் அணிகலனையும் ஆராய்ந்து எழுதியிருந்தார். அணிகலன் காலத்திற்கேற்ப மாறுவது. ஆகவே சிலை அணிந்துள்ள தோள்வளையும் இடைக்கச்சும் அச்சிலையின் காலத்தைக் கணிக்க உதவும் என்பது அணுகுமுறை. பின்னர் மாணவர்களுடன் சேர்ந்து சிலைகளின் முகநீளம், தோளகலம் முதலியவற்றை அளந்து, அவ்வளவுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டார். சிற்ப நூல்கள் தாள அளவு கூறுகின்றன. சிற்பி உண்மையில் அதைப் பின்பற்றினானா என்பதைக் கேட்டவர் அளவுநாடாவுடன் சென்ற இக்கணித ஆசிரியர். அவரே வளாகத்துத் தாவரங்களையும் பறவைகளையும் குறித்து வந்தார். நரிக்குறவர் பயன்படுத்தும் மூலிகைகளை ஆராய்ந்தார். துணைவியார் இராணி சிரோன்மணியுடன் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி மொழியில் வகுத்தார். அச்சிட்ட தமிழெழுத்தைக் கணினி அறியும் முறை பற்றி 1978-இல் கட்டுரை வெளியிட்டார். 1988-இல் அவர் மறைந்தபோது எந்தத் துறை அவரைத் தன்னவர் என்று உரிமை கொண்டாடுவது என்பதே சிக்கலாயிருந்திருக்கும்.

மாமல்லையின் பெரும்பாறைச் சிற்பம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது. அருச்சுனன் தவம் என்பாரும் கங்கை இறக்கம் என்பாரும் உளர். வழக்கு எதுவாயினும் அப்பாறையின் உயிர் விலங்குகளிடம் உள்ளது. யானைக் கூட்டம், தவக்கோலம் பூண்ட பூனை, பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மான். அந்த மானைச் செதுக்கியவன் மானை நெடுநேரம், அசையாமல் நின்று பார்த்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில் புதரோரம் மான்களைப் பார்த்துப் பழகிய ஆசிரியர்கள், நகரத்து அருங்காட்சியகத்தில் மட்டுமே சிலை பார்த்தவர்கள் காணாத ஒன்றை அப்பாறையில் கண்டிருப்பர் என்று கருத இடமுண்டு.

சாந்திநிகேதனும் சோழமண்டலமும்

வளாகத்தில் மரத்தையும் சிற்பத்தையும் ஒருங்கே வைத்த முன்னோடி வங்காளத்தில் இருக்கிறது. இரவீந்திரநாத் தாகூர் 1928-இல் சாந்திநிகேதனில் மரம் நடுவிழாவைத் தொடங்கினார். மரக்கன்றை ஊர்வலமாக எடுத்து வந்து பாட்டுடன் நடும் விழா அது. அதே வளாகத்தில் இராம்கிங்கர் பெய்சு 1935-இல் ‘சுசாதை’ சிலையையும், 1938-இல் ‘சந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பத்தையும் படைத்தார். வெண்கலம் வாங்கப் பணமில்லை. சிமெண்டும் அவ்வூர்ச் செம்மண் சரளையுமே ஊடகம். கூடை சுமந்து வேலை தேடிப் புறப்பட்ட ஒரு பழங்குடிக் குடும்பம், மன்னரும் ஆளுநரும் நிற்க வேண்டிய பீடத்தை விட்டுத் தரையில், மரங்களுக்கிடையே நடந்து வருகிறது. நெடிதுயர்ந்த சுசாதையோ மரங்களின் நடுவே மற்றொரு மரம்போல் நிற்கிறாள். மண்ணின் கல்லாலேயே அம்மண்ணின் மக்களை வடித்த அச்செயலுக்கு நிகரானதைத் தமிழக வளாகங்களில் தேட வேண்டியுள்ளது.

தாம்பரத்திலிருந்து கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடந்து கடற்கரையை அடைந்தால் ஈஞ்சம்பாக்கம். சென்னை அரசுக் கலை, கைவினைப் பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எசு. பணிக்கர், தம் மாணவர்களும் உடனாசிரியர்களுமான கலைஞர்களைத் திரட்டி 1966-இல் இங்குச் சோழமண்டலக் கலைக்கிராமத்தை நிறுவினார். அரசு நிலம் தரவில்லை. செல்வர் எவரும் தானம் செய்யவில்லை. கலைஞர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் வாங்கிய மணல்வெளி அது. பகலில் வயிற்றுக்குக் கைவினை, எஞ்சிய பொழுதில் கலை என்பது ஏற்பாடு. வீடுகளைத் தாங்களே எழுப்பிக்கொண்டனர். திறந்தவெளி அரங்கு ஒன்றும் அமைத்து அதற்குப் பாரதி பெயர் சூட்டினர். கவிதையும் நாடகமும் ஓவியர்களின் முற்றத்திற்கு வந்தன.

சிற்பிகளுள் பி.வி. சானகிராம் உலோகத் தகட்டைத் தட்டியும் ஒட்டியும் கோயில் மூலவர்க்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் முன்முகச் சிற்பங்களைச் செய்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து அம்மரபை மேலும் விரித்தார். தமிழ்க் கோயிலின் சாத்துப்படியும் உலோகப் பட்டறையும் இங்கே புதுக்கலையாக மாறின. பிற்காலத்தில் கருங்கற் சிற்பங்களும் அயல்நாட்டுச் சிற்பிகளின் படைப்புகளும் சேர்ந்து மரநிழலில் ஒரு சிற்பத் தோட்டம் உருவாயிற்று. 2009-இல் தற்காலக் கலை மையமும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. பணிக்கர் 1977-இலும் நந்தகோபால் 2017-இலும் மறைந்தனர்.

தாம்பரத்தார்க்குக் காடு முன்னரே கிடைத்தது, அதை விட்டுவைத்தனர். ஈஞ்சம்பாக்கத்தார்க்கு மணல் மட்டுமே கிடைத்தது. நிழலையும் அவர்களே வளர்க்க வேண்டியிருந்தது. முதலாவதில் மரம் உண்டு, சிற்பம் நூலில் உண்டு. இரண்டாவதில் சிற்பம் உண்டு, மரம் அதன் துணை. இரண்டும் அரைநாளில் சென்று திரும்பும் தொலைவில் இருந்தும் ஒன்றை மற்றொன்று போதிய அளவு அறியவில்லை என்றே தோன்றுகிறது. நம் கல்வியில் கலைப்பள்ளி ஒரு தெரு, அறிவியல் கல்லூரி வேறொரு தெரு.

நினைவகம் உண்ட காடு

கிண்டியைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. ஒருகாலத்தில் ஏறத்தாழ 500 எக்டேர் பரந்திருந்த அக்காடும் சேலையூர்க் காட்டின் இனமே. 1950-களின் இறுதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு அதன் ஒரு பகுதி வழங்கப்பட்டது. 1961-க்கும் 1977-க்கும் இடையில் மட்டும் 172 எக்டேர் காட்டுநிலம் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவகங்களுக்கும் மாறியது. காந்தி மண்டபத்தை அடுத்து, இராசாசிக்கும் காமராசருக்கும் நினைவகங்கள் 1970-களில் எழுந்தன. 1978-இல் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது 270 எக்டேர் அளவே. பெரியோரைப் போற்றுதல் கடமை. அதற்காக வெளிமான் மேய்ந்த நிலத்தையே ஏன் தேர்ந்தனர்? விடை எளிது: அது ‘சும்மா கிடந்த’ நிலம். கோயிற்காட்டில் சிலை மரத்தைக் காத்தது. கிண்டியில் சிலைக்கு மரம் இடம் விட்டது. இன்று ஒரு வளாகத்தில் சிற்பப் பூங்கா அமைக்க முனைவோர் எந்தச் சிலையை நிறுத்துவது என்று கேட்பதற்கு முன், எந்தப் புதரை அகற்றப் போகிறோம் என்று கேட்பது தகும். புல்தரை விரித்து, குரோட்டன் செடி நட்டு, நடுவே ‘இயற்கையைக் காப்போம்’ என்னும் பலகையுடன் ஒரு சிலை வைப்பது பூங்காவாகலாம்; அங்கே முன்பிருந்த காரையும் சூரையும் அதை ஒப்புக்கொள்ளா.

‘சும்மா கிடந்த’ நிலத்தின் பயன் 2015-இல் தெரிந்தது. அவ்வாண்டு திசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராசபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. ஏரியும் வயலும் மனைகளாக மாறிய இடங்களில் நீர் தன் பழைய பாதையைத் தேடி வந்தது. மறு ஆண்டு, 2016 திசம்பர் 12-இல், வர்தா புயல். வண்டலூர் உயிரியல் பூங்கா தொடங்கி நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விரைவில் வளரும், பூவுக்காகவும் நிழலுக்காகவும் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த மரங்களே மிகுதியாக வீழ்ந்தன என்று அப்போது பலரும் எழுதினர். குட்டையான புதர்க்காட்டிற்குப் புயலிடம் இழக்க அதிகம் இல்லை. வளைந்து கொடுத்து, அடுத்த மழையில் மீண்டும் தளிர்த்தது. பள்ளிக்கரணை 2022-இல் இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டிருந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியான பின் மனைவிலை ஏறிய விரைவை இப்பகுதியில் வாழ்வோர் அறிவர். ஒரு கல்லூரி வளாகத்தின் முள்காடு எத்தனை காலம் ‘சும்மா’ கிடக்க விடப்படும் என்னும் ஐயம் எழுவது இயல்பே.

எட்வர்டு பார்ன்சு தாம்பரம் வளாகத்தை நீண்டகாலம் கண்டு மகிழவில்லை. திறப்புவிழா நிகழ்ந்த நான்கே ஆண்டுகளில், 1941-இல் மறைந்தார். சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பத்துத் தாவரங்களை அவர் தென்னிந்திய மலைகளில் தேடி ஆராய்ந்தவர். அவற்றுள் ஓரினத்திற்குத் தாவரவியலார் ஃபிசர் ‘அரிசீமா பார்ன்சியை’ என்று அவர் பெயரைச் சூட்டினார். மழை தொடங்கியதும் மண்ணைப் பிளந்து குடைபோல் இலை விரித்து, பாம்புப் படம்போன்ற மடலுடன் பூத்து, கோடைக்குள் மீண்டும் கிழங்கிற்குள் ஒடுங்கிவிடும் செடி அது. மழையில்லாத மாதங்களில் மலைக்குச் செல்வோர்க்கு அங்கே வெறும் மண் மட்டுமே தெரியும்.